போட்டோடயோடு பெருக்கியின் பட்டையகலத்தை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோடயோடில் விழும் ஒளியை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சுற்றைக் கட்டுவது ஒரு மாலை நேர வேலை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று நம்பிச் சொல்ல ஓர் எண் வேண்டும் என்றால்தான் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். நான் முதன்முதலில் அளந்த பெருக்கி, கணக்குப்படி வரவேண்டியதைப் போல நான்கு மடங்கு வேகத்தைக் காட்டியது. ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன். மறுநாள் எல்.இ.டி.யின் மேல் தற்செயலாக ஒரு மூடி விழுந்தது. ஒளி நின்றது, ஆனால் ஸ்கோப் (மின் அலையை வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்) திரையில் அலை மாறாமல் அப்படியே இருந்தது. நான் அளந்துகொண்டிருந்தது ஒளியை அல்ல, எல்.இ.டி.க்குப் போகும் கம்பியிலிருந்து காற்றுவழி பெருக்கிக்குத் தாவிய மின்புலத்தை. கீழே உள்ள கேள்விகளில் பாதி, அந்த மூடி விழுந்த பிறகு எனக்கே எழுந்தவை.

முதலில், பட்டையகலம் என்று எதைச் சொல்கிறோம்?

வழக்கமான சுற்று இது: போட்டோடயோடு ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் எதிர்மறை உள்ளீட்டில் இணைந்திருக்கும், வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்குப் பின்னூட்ட மின்தடை ஒன்று வரும். டயோடில் பிறக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்த மின்தடை வழியாகத்தான் போக வேண்டும். 1 மைக்ரோஆம்ப், 1 மெகா ஓம் என்றால் வெளியீட்டில் 1 வோல்ட். இதற்கு டிரான்ஸ்இம்பிடன்ஸ் பெருக்கி என்று பெயர்.

ஒளியை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் வெளியீடு அப்படியே பின்தொடரும். கூட்டிக் குறைக்கும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெளியீட்டின் வீச்சு சரியத் தொடங்கும். அது குறைந்த அதிர்வெண்ணில் இருந்த அளவில் 70.7 சதவீதமாகக் குறையும் அதிர்வெண்தான் −3 டெசிபெல் பட்டையகலம். பேண்ட்வித் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

70.7 சதவீதமா, 50 சதவீதமா? இரண்டையும் பார்க்கிறேனே?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, குழப்பமும் அதனால்தான். போட்டோடயோடின் மின்னோட்டம் ஒளியின் திறனுக்கு நேர் விகிதம். மின்திறனோ அந்த மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதம். ஆகவே ஒளித்திறன் பாதியானால் ஒளிக் கணக்கில் 3 டெசிபெல் இறக்கம், மின் கணக்கில் 6 டெசிபெல் இறக்கம். ஒளி இழைத் துறையில் சிலர் ஒளிக் கணக்கில் 3 டெசிபெல் என்று எழுதுவார்கள். அது வெளியீடு 50 சதவீதமாகும் இடம். அதே சுற்றுக்கு அந்த எண் பெரிதாகத் தெரியும். இரண்டு தரவுத்தாள்களை ஒப்பிடும்போது எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இந்தப் பக்கத்தில் எங்கும் மின் கணக்குதான்.

அளப்பதற்கு முன் கணக்குப் போட வேண்டுமா? நேரடியாக அளந்துவிடலாமே?

போடுங்கள். எதிர்பார்ப்பு இல்லாமல் அளந்தால் எந்த எண் வந்தாலும் சரி என்றே தோன்றும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

கணக்கு சின்னது. ஆப்-ஆம்பின் கெயின்-பேண்ட்வித் பெருக்குத்தொகையை (அதன் வேகத்துக்குத் தரவுத்தாள் தரும் எண், ஹெர்ட்ஸில் இருக்கும்) எடுத்துக்கொள்ளுங்கள். பின்னூட்ட மின்தடையையும் உள்ளீட்டில் உள்ள மொத்த கெபாசிட்டன்ஸையும் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) பெருக்கி, அதை 6.28 ஆல் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், பின்னூட்டக் கெபாசிட்டர் சரியாக அமைந்த சுற்றின் பட்டையகலம் கிட்டத்தட்ட வந்துவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப், 1 மெகா ஓம், 50 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 178 கிலோஹெர்ட்ஸ். அந்தச் சுற்றுக்கு மின்தடையின் குறுக்கே சுமார் 1.26 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் தேவைப்படும். அப்போது அதிர்வெண் வளைவு மேடு இல்லாமல் தட்டையாகப் போய்ச் சரியும்.

உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் என்றால் டயோடு மட்டும் அல்ல. ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ், பலகையின் தடங்கள், கம்பி எல்லாம் சேர்ந்துதான். டயோடின் பங்கும் மாறும்: பலரும் பயன்படுத்தும் பி.பி.டபிள்யூ 34 டயோடு எதிர்மின்னழுத்தம் (டயோடுக்குத் தலைகீழாகக் கொடுக்கும் மின்னழுத்தம்) இல்லாமல் சுமார் 70 பிக்கோஃபாரட். 3 வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் சுமார் 25 ஆக இறங்கும். வர்க்கமூலத்தின் உள்ளே இருப்பதால் டயோடின் பங்கு மூன்றில் ஒன்றானாலும் வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

எல்.இ.டி. போதுமா, லேசர் வேண்டுமா?

பெருக்கியின் எதிர்பார்க்கும் வேகத்தைப் பொறுத்தது. ஒளி மூலம் பெருக்கியைவிடக் குறைந்தது மூன்று நான்கு மடங்கு வேகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது விளக்கின் பட்டையகலம்.

வெள்ளை எல்.இ.டி.யைத் தொடாதீர்கள். அதன் உள்ளே நீல ஒளி ஒரு பாஸ்பர் பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. அந்தப் பாஸ்பர் உடனே அணையாது, பல பத்து நானோநொடி மினுங்கிக்கொண்டிருக்கும். சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் வெள்ளை எல்.இ.டி. தூங்கிவிடும். அகச்சிவப்பு எல்.இ.டி.களில் வித்தியாசம் பெரிது: தகவல் தொடர்புக்கென்று செய்தவை 10 முதல் 15 நானோநொடியில் எழும், பழைய வகை 940, 950 நானோமீட்டர் எல்.இ.டி.கள் சிலவற்றுக்கு ஒரு மைக்ரோநொடிக்குப் பக்கம் ஆகும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். தரவுத்தாளில் எழுச்சி நேரம் என்ற வரியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் லேசர் டயோடுதான். அதை, லேசர் ஒளி பிறக்கத் தொடங்கும் தொடக்க மின்னோட்டத்துக்கு மேலேயே எப்போதும் எரியவிட்டு, அதன்மேல் சிறிய அலையை ஏற்றுங்கள். அணைத்து அணைத்து ஏற்றினால் ஒளி பிறக்கவே ஒரு தாமதம் ஆகும். அது உங்கள் அளவீட்டில் கலக்கும். கண்ணுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிரதிபலிப்பையும் சேர்த்து.

எல்.இ.டி.யை சிக்னல் ஜெனரேட்டரில் நேராக மாட்டலாமா?

ஒரு மின்தடையோடு மாட்டலாம். ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம். வெளியே இன்னொரு 50 ஓம் போடுங்கள். திறந்த சுற்றில் 4 வோல்ட் ஆஃப்செட் (அலைக்கு அடியில் மாறாமல் நிற்கும் மின்னழுத்தம்) வைத்தால், எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 2 வோல்ட் 100 ஓம் வழியாக 20 மில்லிஆம்ப் தரும். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சைன் அலை. எல்.இ.டி. முழுக்க அணையாமல் இருந்தால்தான் அதன் நடத்தை நேர்கோட்டில் இருக்கும். ஆஃப்செட்டைக் காட்டும் எண் 50 ஓம் சுமைக்கா, திறந்த சுற்றுக்கா என்று ஜெனரேட்டரின் மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அமைப்பு பல எல்.இ.டி.களைக் கொன்றிருக்கிறது.

சைன் அலையா, சதுர அலையா?

நேரம் இருந்தால் சைன். சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றால் சதுரம். நான் எப்போதும் சதுரத்தில் தொடங்குவேன், காரணம் வேறு: சதுர அலை பொய் சொல்வதில்லை என்பதைவிட, பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும். முனையில் நடுக்கம் இருந்தால் நிலைப்புத்தன்மை போதவில்லை. ஓரத்தில் ஊசி போல ஒரு கூர்முனை வந்தால் எங்கிருந்தோ கம்பிவழித் தாவல், அதாவது தொடக்கத்தில் சொன்னதுபோல் ஒளியாக இல்லாமல் கம்பியிலிருந்து தாவும் மின்புலம். மேல் பகுதி தட்டையாகாமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் டயோடுக்குள் ஏதோ மெதுவாக நடக்கிறது. சைன் அலையில் இவை எல்லாம் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துவிடும்.

சதுர அலையின் அதிர்வெண் எதிர்பார்க்கும் பட்டையகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கட்டும், மேல் பகுதி படிந்து நிற்க நேரம் வேண்டும். 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுக்கும் நேரத்தை அளந்து, 0.35 ஐ அதனால் வகுத்தால் பட்டையகலம். 35 நானோநொடி என்றால் 10 மெகாஹெர்ட்ஸ்.

ஆனால் நீங்கள் அளந்த எழுச்சி நேரத்தில் எல்லோருடைய பங்கும் இருக்கிறது. பெருக்கி உண்மையில் 35 நானோநொடி, எல்.இ.டி. 20, ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 3.5 என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 40.5 நானோநொடி வரும். அதை வைத்துக் கணக்கிட்டால் 8.6 மெகாஹெர்ட்ஸ் என்று தோன்றும். ஸ்கோப் ஒன்றும் கெடுக்கவில்லை, கெடுத்தது முழுக்க எல்.இ.டி. அதன் பங்கைக் கழித்தால் பழைய 35 திரும்பக் கிடைக்கும். பெருக்கியைவிட எல்.இ.டி. மெதுவாக இருந்தால் மட்டும் கழிக்க முயலாதீர்கள். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தில் ஒரு சிறிய எண்ணைத் தேடுவது வீண்.

எல்.இ.டி.யின் வேகம் தெரியாவிட்டால்?

வேறு உணரியால் அதைத் தனியாக அளந்துவிடுங்கள். ஒரு போட்டோடயோடுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்து, பெருக்கியே இல்லாமல் நேராக ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் இணையுங்கள். 25 பிக்கோஃபாரட் டயோடும் 50 ஓமும் சேர்ந்து 1.25 நானோநொடி நேர மாறிலி, அதாவது 127 மெகாஹெர்ட்ஸ். டயோடின் உள் வேகம் இதைக் கொஞ்சம் குறைக்கும், இருந்தாலும் எல்.இ.டி.யைப் பிடிக்கப் போதும். சமிக்ஞை மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். எல்.இ.டி.யை டயோடோடு ஒட்டி வைத்து, ஸ்கோப்பில் சராசரி எடுத்தால் தெளிவாகிவிடும். அப்புறம் பெருக்கியில் எடுத்த வளைவை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இந்த வளைவால் வகுத்தால் எல்.இ.டி. கணக்கிலிருந்து விடைபெறும்.

சிவப்பு ஒளியில் ஓர் எண், அகச்சிவப்பில் வேறு எண். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சிலிக்கனில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி மூன்று நான்கு மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். 850 நானோமீட்டர் இருபது மைக்ரோமீட்டர் வரை போகும், 950 இன்னும் பல மடங்கு. டயோடுக்குள் மின்புலம் இருப்பது மேலே ஒரு மெல்லிய அடுக்கில்தான். அதற்குக் கீழே பிறக்கும் மின்னூட்டங்களை இழுக்க யாரும் இல்லை. அவை தானாகப் பரவித் தட்டுத்தடுமாறி மேலே வரவேண்டும். சதுர அலையில் மேல் பகுதி மெல்ல ஏறும் வால் இதுதான். எதிர்மின்னழுத்தத்தை ஏற்றிப் பாருங்கள், வால் குட்டையானால் குற்றவாளி டயோடு, பெருக்கி அல்ல. பெருக்கியை எந்த ஒளிக்குப் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த ஒளியிலேயே அளப்பதுதான் நியாயம்.

கம்பிவழித் தாவலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒளியை மறையுங்கள், வேறு எதையும் அசைக்காதீர்கள். திரையில் மிஞ்சுவது தாவல். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் தாவல் சின்னக் கெபாசிட்டர் வழியாக வருவது. அதிர்வெண் ஏற ஏற வளரும். பெருக்கி சரியும் இடத்தில் அது கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்கும். பெருக்கி வேகமானது போலத் தெரிவது இதனால்தான்.

எதை வைத்து மறைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கறுப்புப் பிளாஸ்டிக், கறுப்பு மை சில 940 நானோமீட்டர் ஒளியைத் தாராளமாக விடும். கண்ணுக்குக் கறுப்பு, டயோடுக்குக் கண்ணாடி. அலுமினியத் தாள் ஒளியை விடாது, ஆனால் அது மின்புலத்தையும் சேர்த்து மறைத்துவிடும். அப்படியானால் தாவலும் காணாமல் போய், ஒன்றுமே இல்லை என்று நம்பிவிடுவீர்கள். தடித்த அட்டையை இரண்டு மடங்காக வையுங்கள். அட்டையில் தாவல் தெரிந்தால், டயோடுக்கு முன் ஒளி புகும் ஓட்டையுள்ள உலோகப் பெட்டி ஒன்றைப் பூமியோடு இணைத்து வையுங்கள், எல்.இ.டி.க்குப் போகும் இரண்டு கம்பிகளையும் முறுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இவ்வளவே போதும்.

ஒளியே இல்லாமல், மின்னோட்டத்தை நேராகச் செலுத்தி அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் போட்டோடயோடு இருட்டில் இணைந்தபடியே இருக்க வேண்டும். அதன் கெபாசிட்டன்ஸ்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. டயோடைக் கழற்றிவிட்டு அளந்தவர் அளந்தது வேறொரு சுற்றை.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஜெனரேட்டரிலிருந்து 1 மெகா ஓம் மின்தடை வழியாக உள்ளீட்டுக்கு மின்னோட்டம் விடுவது. 1 வோல்ட் கொடுத்தால் 1 மைக்ரோஆம்ப், அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த மின்தடையின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 0.1 பிக்கோஃபாரட் ஒட்டிக்கொண்டே வருகிறது. 1 மெகா ஓமும் 0.1 பிக்கோஃபாரடும் சந்திக்கும் இடம் 1.6 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேலே மின்தடை மின்தடையாக இல்லை. மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், பெருக்கி மீண்டும் இல்லாத வேகத்தைக் காட்டும். 100 கிலோஹெர்ட்ஸ் பெருக்கிக்கு இது பொருட்டே இல்லை. 1 மெகாஹெர்ட்ஸைத் தொட்டால் மோசடி.

என் விருப்பம் எதிர்வழி: கெபாசிட்டர் எப்படியும் இருக்கத்தான் போகிறது என்றால், அதையே பயன்படுத்திக்கொள்வது. 1 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாக முக்கோண அலையைச் செலுத்துங்கள். கெபாசிட்டர் வழியே போகும் மின்னோட்டம் மின்னழுத்தம் மாறும் வேகத்துக்கு விகிதம் என்பதால், முக்கோணத்தின் ஏறும் பக்கம் நிலையான ஒரு மின்னோட்டம், இறங்கும் பக்கம் அதற்கு எதிர்த்திசையில் அதே அளவு. அதாவது உள்ளே போவது சதுர மின்னோட்டம்! 10 மைக்ரோநொடியில் 1 வோல்ட் ஏறும் முக்கோணம் 1 பிக்கோஃபாரட் வழியே 0.1 மைக்ரோஆம்ப் தரும். 1 மெகா ஓம் பெருக்கியின் வெளியீட்டில் அது 0.2 வோல்ட் உச்சிக்கு உச்சி சதுர அலை. ஒட்டுக் கெபாசிட்டன்ஸ் ஏதாவது இருந்தால் 1 என்பது 1.1 ஆகும், அலையின் வடிவம் கெடாது. கெபாசிட்டரை வாங்கக்கூட வேண்டாம். உள்ளீட்டுக்கு அருகே கொண்டுவந்த காப்பிட்ட கம்பித் துண்டு ஒன்றே போதும்.

ஒரே குறை: முக்கோணத்தின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் சதுரத்தின் ஓரம் கூர்மை. மலிவான ஜெனரேட்டர்களில் முனை மழுங்கியிருக்கும். வேகமான பெருக்கிக்குச் சைன் அலையைக் கெபாசிட்டர் வழியே விட்டு, கிடைத்த வீச்சை அதிர்வெண்ணால் வகுத்துக்கொள்ளலாம்.

இரைச்சலை வைத்தே பட்டையகலம் அளக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வித்தையும் இதுதான். ஒளியை ஆட்டி அசைக்க எதுவும் தேவையில்லை. பேட்டரியில் எரியும் சின்ன இழை பல்பு போதும்.

நிலையான ஒளி என்று நாம் நினைப்பது தாறுமாறாக வந்து விழும் ஒளித்துகள்களின் மழை. அதனால் டயோடின் மின்னோட்டத்தில் ஷாட் இரைச்சல் என்ற நடுக்கம் எப்போதும் உண்டு. அது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு. அளவும் மின்னோட்டத்திலிருந்து துல்லியமாகக் கணக்கிடக்கூடியது. அதாவது இயற்கையே உங்கள் உள்ளீட்டில், சரியாக ஒளிமின்னோட்டம் பிறக்கும் இடத்தில், எல்லா அதிர்வெண்ணும் சமமாகக் கொண்ட ஒரு ஜெனரேட்டரை இலவசமாக வைத்திருக்கிறது. கம்பி இல்லை, தாவல் இல்லை. வெளியீட்டின் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற வரைபடத்தை) எடுத்தால் அதுவே பெருக்கியின் அதிர்வெண் வளைவு.

இருட்டில் ஒரு முறை, ஒளியில் ஒரு முறை எடுத்து, வர்க்கங்களைக் கழிக்க வேண்டும். பெருக்கியின் சொந்த இரைச்சல் வேறு வடிவம் கொண்டது, மேல் அதிர்வெண்ணில் மேடு போடும். கழிக்காமல் விட்டால் அது ஏமாற்றும். ஷாட் இரைச்சல் மின்தடையின் வெப்ப இரைச்சலுக்குச் சமமாவது, மின்தடையின் குறுக்கே மாறாத (டி.சி.) மின்னழுத்தம் சுமார் 50 மில்லிவோல்ட் இருக்கும்போது. அறை வெப்பநிலையில் எந்த மின்தடைக்கும் இது பொருந்தும். ஆகவே வெளியீடு 1 வோல்ட் ஆகும்வரை ஒளியைக் கூட்டினால் ஷாட் இரைச்சலின் திறன் இருபது மடங்கு மேலே நிற்கும். நம் 1 மெகா ஓம், 178 கிலோஹெர்ட்ஸ் பெருக்கியில் அது மொத்தமாக கால் மில்லிவோல்ட்தான். ஸ்கோப்பின் இரைச்சலே அதை மூழ்கடிக்கலாம் என்பதால் நடுவே நூறு மடங்கு பெருக்கும் ஒரு வேகமான பெருக்கி வையுங்கள், நிறைய சராசரி எடுங்கள்.

லேசரை இதற்கு எடுக்காதீர்கள், அதற்குச் சொந்த இரைச்சல் உண்டு. இன்னொன்று: டயோடின் ஆழத்திலிருந்து மின்னூட்டங்கள் தாமதமாக வரும் அந்த வால் இதில் தெரியாது. தாறுமாறாக வருபவர்களைத் தாறுமாறாகத் தாமதித்தாலும் கூட்டம் தாறுமாறாகத்தான் இருக்கும். பெருக்கியை மட்டும் தனியே பார்க்க இது வசதி. முழு உணரியின் வேகம் வேண்டுமென்றால் ஒளியைத்தான் ஆட்ட வேண்டும்.

ஸ்கோப் புரோபை எங்கே வைப்பது?

வெளியீட்டில். உள்ளீட்டில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்: சமிக்ஞையைப் பத்தில் ஒன்றாக்கும் பத்து மடங்கு புரோபே பத்து பிக்கோஃபாரடுக்கு மேல் கூட்டிவிடும், பார்க்கப் போன இடத்தையே மாற்றிவிடும். ஒரு மடங்கு நிலையில் வைத்த புரோப் இன்னும் மோசம், சுமார் 100 பிக்கோஃபாரட். அதன் சொந்த வேகமும் பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். புரோபின் பக்கவாட்டுச் சுவிட்ச் தற்செயலாக ஒரு மடங்குக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியீட்டிலிருந்து கேபிள் இழுக்க வேண்டுமானால் அங்கே தொடராக 50 ஓம் வையுங்கள்.

பிரகாசமான ஒளியில் மெதுவாகவும் மங்கலான ஒளியில் வேகமாகவும் தெரிகிறது. ஏன்?

ஸ்லூ ரேட். ஆப்-ஆம்பின் வெளியீடு ஒரு மைக்ரோநொடிக்கு இத்தனை வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாது. 1 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் உச்சமுள்ள சைன் அலைக்கு மைக்ரோநொடிக்கு 6.28 வோல்ட் தேவை. அதைக் கொடுக்க முடியாதபோது சைன் அலை முக்கோணமாகிவிடும். ஒளியைப் பாதியாக்கிப் பாருங்கள். எண் மாறினால் நீங்கள் அளந்தது பட்டையகலம் அல்ல. மாறாத அளவுக்குச் சமிக்ஞையைச் சிறியதாக்கிவிட்டு அளங்கள்.

பின்னூட்டக் கெபாசிட்டரைக் கழற்றினால் பட்டையகலம் கூடுகிறதே. அப்படியே விடலாமா?

எண் கூடும், சுற்று கெடும். 178 கிலோஹெர்ட்ஸ் சுற்றில் அதை எடுத்துவிட்டால் −3 டெசிபெல் இடம் சுமார் 270 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும், விளம்பரத்துக்கு அழகு. ஆனால் நடுவில் மலைபோல ஒரு மேடு எழுந்திருக்கும். சதுர அலை கொடுத்தால் மணி அடித்ததுபோல நெடுநேரம் அதிரும். பட்டையகலம் என்ற ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வளைவைப் பார்க்காமல் விடுபவர்கள் விழும் குழி இது. சரியான கெபாசிட்டரோடு சதுர அலையின் முனை 4 சதவீதம் அளவுக்குத் தாண்டி அடங்கும், அதுவரை சரி. அதுவும் வேண்டாம் என்றால் கெபாசிட்டரைக் கொஞ்சம் கூட்டி வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

உணரியை ஒரு மீட்டர் கேபிளில் தள்ளி வைக்கலாமா?

வைத்தால் மறுபடி அளக்க வேண்டும். சாதாரணக் கோஆக்சியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். நம் உதாரணத்தில் 50 என்பது 150 ஆகும், 178 கிலோஹெர்ட்ஸ் 103 ஆகும். பழைய பின்னூட்டக் கெபாசிட்டர் போதாமல் சுற்று அதிரவும் தொடங்கும். பெருக்கியை உணரியோடு அனுப்பிவிட்டு, கேபிளை வெளியீட்டுப் பக்கம் போடுவது நல்லது.

பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிச் சுற்றுக் கட்டும் பலகை) அளந்தால் சரியா வருமா?

பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று பிக்கோஃபாரட் இருக்கும். உங்கள் சுற்றுக்குத் தேவை 1.26. முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

போட்டோடிரான்சிஸ்டர், எல்.டி.ஆர். இவற்றுக்கும் இதே முறையா?

முறை அதேதான், ஆனால் பெருக்கியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒளிக்கேற்பத் தடை மாறும் எல்.டி.ஆர். பல பத்து மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். இருட்டாகும்போது இன்னும் சோம்பல். போட்டோடிரான்சிஸ்டர் மைக்ரோநொடிக் கணக்கு. சுமை மின்தடையைக் கூட்டினால் மெதுவாகும், ஒளியைக் கூட்டினால் வேகமாகும். எந்தச் சுமை, எவ்வளவு ஒளி என்று சொல்லாமல் அதற்குப் பட்டையகலம் சொல்ல முடியாது.

என் மின்தடை 1 கிகா ஓம். பட்டையகலம் கிலோஹெர்ட்ஸ் கணக்கில்தான். இதற்கும் ஸ்கோப் வேண்டுமா?

வேண்டாம், கணினியின் நல்ல சவுண்ட் கார்டே போதும். 1 கிகா ஓமுக்குக் குறுக்கே ஒட்டியிருக்கும் 0.1 பிக்கோஃபாரடே வேகத்தை 1.6 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்கிவிடும். சவுண்ட் கார்டு மாறாத (டி.சி.) மின்னழுத்தத்தை விடாது என்பதால் கீழ்ப்பக்கம் சில ஹெர்ட்ஸுக்குக் குறைவாகப் பார்க்க முடியாது. அறை விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்: மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்கில், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், அது வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒளியில் 150 கிலோஹெர்ட்ஸ், கெபாசிட்டர் வழியே 175, கணக்கில் 178. எதை எழுதுவது?

எதையும் தூக்கி எறியாதீர்கள், வித்தியாசத்தைப் படியுங்கள். கணக்கும் கெபாசிட்டர் முறையும் ஒத்துப்போவதால் பெருக்கி ஒழுங்காக இருக்கிறது. ஆப்-ஆம்பின் கெயின்-பேண்ட்வித் ஒன்றுக்கொன்று தாராளமாக மாறும். 178 க்கு 175 வந்ததே அதிர்ஷ்டம். ஒளியில் மட்டும் குறைகிறது என்றால் மிச்சம் இருப்பது எல்.இ.டி.யும் டயோடும்தான். எல்.இ.டி.யை மாற்றுங்கள், மாறாவிட்டால் எதிர்மின்னழுத்தம் இருந்தால் அதைக் கூட்டி, கூடவே கணக்கையும் திருத்தி மறுபடி அளங்கள். எனக்கு ஒருமுறை இதே போல் வந்தபோது காரணம் 950 நானோமீட்டர் எல்.இ.டி.; 650 சிவப்பை மாட்டியதும் ஒளியிலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. அந்தப் பெருக்கி போகவேண்டிய இடத்தில் 950 தான் இருந்தது என்பதால், பெட்டியின் மேல் எழுதி ஒட்டியது குறைந்த எண்ணைத்தான்.